பல்லுக்குக் கேட்ட சத்தம்

துரீட்டின் இடது கடைவாய்ப்பல் கூச ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பல் டாக்டர் இரண்டு தடவை படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாப் பல்லும் கல்லு மாதிரி இருக்கிறதே, நான் என்ன செய்ய என்று கையை விரித்துவிட்டார். கூச்சம் வேலை நாட்களில்தான் வரும். வியாழக்கிழமை அதிகம். சனி, ஞாயிறு படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனால் இருக்கவே இருக்காது. இதையெல்லாம் அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. ஒரு தடவை பல்லைப் பற்றிச் சொல்லிப் பட்டது போதும் என்று இருந்தாள்.

அன்றைக்கும் வியாழக்கிழமை. லாங்விக் ஊரில் நவம்பர் கடைசி. காலை ஆறரைக்கு ஜன்னலுக்கு வெளியே கறுப்பாக இருந்தது. பனியும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஏதோ ஒன்று கண்ணாடியில் வந்து சொத்துச் சொத்தென்று விழுந்தது. அடுப்படியில் ஹல்வோர் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழு வயது. இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஒலியும் அதிர்வும் அவர் பாடம். பாலம் ஏன் ஆடுகிறது, கப்பலின் அடித்தட்டு ஏன் வெடிக்கிறது என்று ஐரோப்பா முழுக்க அவரைக் கேட்பார்கள். வியாழக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார். பெண்டாட்டிக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது இருபத்தாறு வருடமாக அவர் பொறுப்பு. நான்கு துண்டு கம்பு ரொட்டி, இரண்டில் பழுப்புச் சீஸ், இரண்டில் ஈரல் பசை, ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் காகிதம். அதை மடித்தால் விளிம்பு அளவுகோல் வைத்த மாதிரி நிற்கும்.

துரீட் தாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். மலைக்குள் குடைந்து கட்டிய நீர்மின் நிலையத்தில் முப்பது வருடமாக மெக்கானிக். தோள் அகலம், குரல் அதைவிட அகலம்.

"இன்னிக்கும் வலிக்குதா?"

"வலி இல்ல. கூசுது. வேலைக்குப் போகப் போறோம்னு அதுக்கு எப்படித்தான் தெரியுமோ."

"மரக்கட்டையைக் கடிச்சா கூசாம என்ன பண்ணும்? ஸ்டெதாஸ்கோப் ஒண்ணு வாங்கித் தர்றேன்னு சொன்னேன்ல?"

"காதுல அடைப்பானைப் போட்டுக்கிட்டு, அதுக்கு மேல ஸ்டெதாஸ்கோப்பை எங்கே மாட்டிக்கிறது? மூக்குலயா?"

எந்திரம் ஓடுகிற குழிக்குள் காதை மூடாமல் இறங்க முடியாது. ஆனபடியால் அங்கே வேலை செய்கிறவர்கள் சுத்தியலின் இரும்புப் பக்கத்தை எந்திரத்தின் மேல் வைத்து, மரக்கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். சத்தம் தாடை எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் கேட்கும். நல்ல பேரிங் எது, கெட்ட பேரிங் எது என்று துரீட் அப்படித்தான் சொல்வாள். அவள் சொல்லித் தப்பாகப் போனதாக யாரும் சொன்னதில்லை.

"நீ என்ன சொன்னாலும் சரி, அது நல்லா இல்ல ஹல்வோர். ரெண்டாம் நம்பர் மிஷின். மூடி மேல கட்டையை வச்சா பல்லைப் பேத்து எடுக்குது."

"அளந்தாச்சு துரீட். இருபத்துநாலு சென்சார், மூணு நாள்."

"அளந்தே. வாஃபிள் தின்னே. என்னைப் பாத்துச் சிரிச்சே."

ஹல்வோர் கத்தியைத் துடைத்தார். அவருக்கும் அது நினைவில் இருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, நிலையத்தின் ஓய்வறையில் வழக்கம்போல வாஃபிள் சுட்டு ஜாமும் புளிப்பு ஏடும் வைத்திருந்தார்கள். நொடிக்கு எத்தனை துடிப்பு என்று காட்டும் வரைபடத்தைச் சுவரில் காட்டி, மிஷின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று ஹல்வோர் விளக்கினார். துரீட் மட்டும் எழுந்து, "அங்க ஐம்பதுக்கிட்ட பள்ளமா இருக்கே, அது என்ன?" என்று கேட்டாள். "அது கரண்டோட இரைச்சல். கம்பியில தானா வந்து ஒட்டிக்கும். எல்லா இடத்துலயும் வடிகட்டித் தள்ளிடுவோம், உருளைக்கிழங்குல மண்ணைக் கழுவுற மாதிரி" என்றார். "என் பல்லுக்கு அங்கதான் கேக்குது" என்றாள் அவள். "அப்ப பல் டாக்டரைப் பாரு" என்றார் ஹல்வோர். பதினோரு ஆண்களும் வாயில் வாஃபிளோடு சிரித்தார்கள். நிலையப் பொறுப்பாளர் மாக்னார் துரீட்டுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவரும் சிரித்தார்.

"அதுக்கு மன்னிப்புக் கேட்டாச்சே," என்றார் ஹல்வோர்.

"கேட்டே. நான் ஒண்ணும் இப்ப அதைச் சொல்லல." அவள் நின்றபடியே காப்பியைக் குடித்தாள். "தண்ணி சுத்துற அந்தப் பழைய சக்கரம் இருந்தவரைக்கும் இந்தத் தொந்தரவு கிடையாது. போன வருஷம் செப்டம்பர்ல புதுசு மாட்டுனாங்க பாரு, அதுக்கப்புறம்தான் வந்துச்சு. பழசுக்குப் பதிமூணு பிளேடு. இதுக்குப் பதினஞ்சு. ஆகஸ்ட்ல தண்ணியை வடிச்சப்போ உள்ளே ஊர்ந்து போய் ஒவ்வொண்ணா துடைச்சவ நான். பழசோட பழக்கத்துல பதிமூணு முடிஞ்சுதுன்னு நிமிர்ந்தா இன்னும் ரெண்டு நிக்குது. அழுகையே வந்துருச்சு."

"முதுகை வளைக்காம முட்டியை மடக்கணும்."

"ஆமா, அந்தச் சந்துல மடக்கு. மாட்டிக்கிட்டா உன் சென்சாரை ஒட்டித்தான் வெளியே எடுக்கணும்."

சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டை மாட்டினாள். வியாழன் கிரீஸ் வைக்கிற நாள். ஒன்பது மணிக்குக் குழியில் இறங்கி, மூடிக்கு மேலே வட்டமாக நிற்கிற இருபது நெம்புகோலுக்கும் கிரீஸ் வைத்து, சிந்தின எண்ணெயைத் துடைத்துவிட்டு ஏற பத்தரை ஆகும். "மீன் எடுத்து வெளியே வை, ராத்திரிக்கு உருகணும்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கார் விளக்கு ஜன்னலில் ஒரு சுற்றுச் சுற்றிப் போயிற்று.

ஹல்வோர் மீனை எடுத்து வெளியே வைத்தார். தட்டுகளைக் கழுவினார். பாதிக் கழுவலில் அவர் கை நின்றது.

பதினைந்து.

வேறொன்றும் இல்லை, அந்த எண் மட்டும் காதில் விழுந்தபடியே கிடந்தது. எந்திரம் நிமிஷத்துக்கு இருநூறு சுற்று. இது அவருக்கு மனப்பாடம். ஒரு சுற்றில் ஒவ்வொரு பிளேடும் தண்ணீரை ஒரு தடவை அடிக்கும். பதிமூன்று பிளேடு என்றால் நொடிக்கு நாற்பத்து மூன்று அடி. அறிக்கையில் அவர் நாற்பத்து மூன்றில்தான் தேடினார். அங்கே ஒன்றுமே இல்லை என்று சந்தோஷப்பட்டார். நிலையத்திலிருந்து வந்த தாளில் பதிமூன்று என்று இருந்தது. அது பத்து வருடத்துக்கு முந்தின தாள். சக்கரம் மாற்றியதை ஊரே அறியும். தாளை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

பதினைந்தை இருநூறால் பெருக்கினால் மூவாயிரம். அறுபதால் வகுத்தால் ஐம்பது.

ஹல்வோர் கையிலிருந்த தட்டைத் தொட்டியில் வைத்தார். குழாயைக்கூட மூடாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கரண்டின் இரைச்சலும் ஐம்பது. சக்கரத்தின் அடியும் ஐம்பது. இருபத்தாறு வருடமாகக் கை பழகின பழக்கத்தில், ஐம்பதைப் பார்த்ததும் கரண்ட் என்று அறுத்துத் தூக்கிப் போட்டுவிட்டார். வாசலில் கட்டிய நாய் தினமும் குரைக்கிறதே என்று திருடன் வந்த அன்றைக்கும் போர்த்திக்கொண்டு படுத்த கதையாகிவிட்டது.

அடுப்பில் இருந்த கடிகாரம் ஏழரை காட்டியது.

உடனே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. இத்தனை வருடம் மாணவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்ததே அதுதான்: சந்தேகத்தை வெளியே விடாதே, சரிபார்த்துவிட்டுப் பேசு. கணினியைத் திறந்து, வடிகட்டாத பழைய பதிவுகளை எடுத்தார். வரைபடத்தில் ஐம்பதுக்கு நேராக ஒரு முள் நீட்டிக்கொண்டு நின்றது. உயரமான முள். கரண்டாகவும் இருக்கலாமே என்று மனசு ஒரு மூலையில் கெஞ்சியது. அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. கடைசி நாள் மாலையில் மின்தொடர்பைத் துண்டித்து, எந்திரத்தைத் தானாக வேகம் குறைந்து நிற்கவிட்டு ஒரு பதிவு எடுத்திருந்தார்கள். கரண்டின் இரைச்சல் என்றால், எந்திரம் நின்றாலும் முள் ஐம்பதிலேயே நிற்கும். சக்கரம் என்றால் வேகத்தோடு சேர்ந்து இறங்கும்.

பதிவைத் திறந்தார். முள் ஐம்பதில் நின்றது. பிறகு நாற்பத்தெட்டுக்கு நகர்ந்தது. நாற்பத்தொன்று. முப்பது. ஒரு ஆள் மாடிப்படி இறங்கிப் போவதைப் போல நிதானமாக இறங்கி, பன்னிரண்டுக்கு வந்து, காணாமல் போயிற்று.

எட்டு மணி ஐந்து நிமிஷம்.

முள்ளின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டார். மூடியை இறுக்கிப் பிடித்திருப்பவை நாற்பத்தெட்டு போல்ட்டுகள். ஒவ்வொன்றும் மணிக்கட்டுத் தடிமன். பதினான்கு மாதமாக நொடிக்கு ஐம்பது தடவை இழுத்து விட்டால் எஃகு என்ன பாடு படும் என்று அவருக்குத் தெரியாதா? புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை எழுதினவரே அவர்தான். மூடிக்குக் கீழே நூறு மீட்டர் உயரத்துத் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. மூடிக்கு மேலே ஒன்பது மணிக்குத் துரீட் முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பாள்.

இனிமேல்தான் சொல்வதற்குக் கஷ்டமான பகுதி. ஹல்வோர் கெட்டவர் இல்லை. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிறவர். அப்படிப்பட்டவர் எட்டு ஐந்துக்குப் போனை எடுக்காமல், மாக்னாருக்கு மெயில் எழுத உட்கார்ந்தார்.

பதினான்கு மாதம் ஓடின எந்திரம் இன்னும் அரைமணி ஓடாதா என்று தோன்றியது. மாக்னார் எட்டரைக்குக் காப்பியோடு உட்காரும்போது மெயிலைப் பார்ப்பார், ஒன்பதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும் தோன்றியது. அந்த எந்திரத்தை நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. ஊர் ஊராக ஹீட்டர் எரிகிற குளிர். போனில் உளறிவிட்டால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். எழுத்தில் கொடுத்தால் நிதானமாக இருக்கும். ஆறு வாரத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

'அறிக்கையில் ஒரு பிழை' என்று எழுதினார். பிழை என்ற வார்த்தை கண்ணை உறுத்தியது. அழித்தார். 'ஒரு விடுபடல்' என்று எழுதி அதையும் அழித்தார். சக்கரம் மாறின தகவல் தரப்படவில்லை என்று ஒரு பத்தி எழுதினார். மாக்னாரைக் குற்றம் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று அதைக் கீழே தள்ளினார். வரைபடம் ஒன்றைச் சேர்த்தார். அச்சுகளுக்குப் பெயர் போடவில்லை என்று கண்டு, போட்டார். எட்டு நாற்பது. எட்டு ஐம்பத்திரண்டு. நேரத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்தார். ஆனாலும் விரல் காற்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஒரு தடவை படித்துவிட்டு அனுப்பலாம் என்று நாற்காலியில் சாய்ந்தபோதுதான் மேசையின் மறுகோடி கண்ணில் பட்டது. சாப்பாட்டுப் பொட்டலம். காகிதம் மடித்து, விளிம்பு நேராக, அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

கடிகாரம் ஒன்பது பத்து.

ஹல்வோர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மாக்னாரின் போன் நான்கு தடவை அடித்தது.

"என்ன மாப்ளே, தங்கச்சி சோத்துப் பொட்டலத்தை விட்டுட்டு வந்துட்டாளாமே. கொண்டு வரப் போறியா?"

"மச்சான், துரீட் எங்கே?"

"குழியில. வியாழக்கிழமைல்ல?"

"வெளியே கூப்பிடு. ரெண்டாம் நம்பரை நிறுத்தணும்."

மாக்னார் சிரித்தார். "இந்தக் குளிர்லயா? மேலேர்ந்து என் தோலை உரிச்சுருவாங்க. எதுக்கு?"

"போல்ட்டெல்லாம் போயிருக்கும். மூடி போல்ட்டு."

"யோவ், ஆறு வாரத்துக்கு முன்னாடி நீதானேய்யா கையெழுத்துப் போட்டுக் குடுத்தே. பச்சைக் கலர்ல டிக் அடிச்சு..."

"தப்புப் பண்ணிட்டேன் மச்சான்."

அந்தப் பக்கம் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு தப்பு?"

"துரீட்டை வெளியே கொண்டு வா!"

"ஷெல்லு!" என்று மாக்னார் பேனலில் இருந்த ஆளைப் பெயர் சொல்லிக் கத்தியது கேட்டது. "ரெண்டை நிறுத்து! சிவப்பு பட்டனை..."

"வேண்டாம்!" ஹல்வோர் அலறினார். "படக்குன்னு நிறுத்தாதே! குழாயில வர்ற தண்ணி முட்டித் திரும்பும், அந்த அடி தாங்காது. லோடைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கச் சொல்லு. பத்து நிமிஷமாவது ஆகணும். அதுக்குள்ள அவளை வெளியே எடு."

"பத்து நிமிஷமா?"

"பத்து நிமிஷம்."

"உன்னைக் கடவுள்தான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு மாக்னார் போனை வைக்காமலே மேசையில் போட்டார். குழிக்குப் போன் எட்டாது. அறுபத்திரண்டு படி. மாக்னாருக்கு இடது முழங்கால் இரண்டு வருடமாகத் தகராறு.

ஹல்வோர் போனைக் காதோடு நசுக்கிக்கொண்டு நின்றார். பூட்ஸ் ஓடுகிற சத்தம். இரும்புக் கதவு. அப்புறம் எந்திர மண்டபத்தின் சத்தம் ஒரு மெல்லிய ரீங்காரமாக வந்தது. அது வெறும் தோல், சத்தத்தின் மேல்தோல். போன் என்பது மனுஷப் பேச்சுக்குச் செய்த சாமான். ஐம்பது துடிப்பு மாதிரியான ஆழமான சத்தத்தை அது கொண்டு வராது. அவருக்குக் கேட்க வேண்டிய ஒரே சத்தம் அந்தக் கம்பியில் வர வழியே இல்லை. உலகத்தில் இதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பத்துப்பேர் இருந்தால் அதிகம். தெரிந்தும் காதை அழுத்திக்கொண்டு அதையே தேடினார்.

மாக்னார் எத்தனையாவது படியில் இருப்பார்? இருபது? முழங்கால் மடங்கி விழுந்துவிட்டால்? துரீட் காதை அடைத்திருப்பாள், மேலேயிருந்து கத்தினால் கேட்காது, தோளைத் தொட்டால்தான் திரும்புவாள். மூடி தூக்கினால் குழி நிறைய எத்தனை நொடி ஆகும் என்று அவர் மூளை கேட்காமலே கணக்குப் போட்டது. ஆறு. திரும்பப் போட்டது. ஆறு. எட்டு ஐந்து என்ற நேரம் நெஞ்சில் ஆணி மாதிரி குத்திக்கொண்டு நின்றது. "எட்டு அஞ்சுக்கு," என்று வாய்விட்டே சொன்னார். அடுப்படிக் குழாய் அப்போதிலிருந்து திறந்தபடி ஓடிக்கொண்டிருந்ததை அந்த நேரத்தில்தான் கவனித்தார். போய் மூடப் பயமாக இருந்தது. காதை எடுத்தால் ஏதாவது நடந்துவிடும் போலிருந்தது.

ரீங்காரத்தின் சுருதி மாறவில்லை. லோடு இறங்குகிறவரை மாறாது, அதுவும் அவருக்குத் தெரியும். யாரோ தூரத்தில் ஏதோ கத்தினார்கள். எதுவோ கீழே விழுந்து இரும்பில் உருண்டது. ஹல்வோர் போனோடு அடுப்படித் தரையில் உட்கார்ந்தார்.

நீண்ட நேரம் கழித்து ரீங்காரம் இறங்க ஆரம்பித்தது. இறங்கி, இறங்கி, முனகலாகி, நின்றது. மேசையிலிருந்து போனை யாரோ எடுத்தார்கள்.

"என்ன ஹல்வோர்?" துரீட்டின் குரல். "பதினோராவது நெம்புகோல்ல கிரீஸை வச்சுக்கிட்டிருந்தேன், இந்தக் கிழவன் வந்து கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டான். படியில என்னையும் சேத்துத் தள்ளி, கிரீஸ் டப்பா உருண்டு போச்சு. யாருக்கு என்ன ஆச்சு?"

ஹல்வோர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்தபடியே விசும்பி அழுதார்.

நிலையத்துக்குப் பதினாறு கிலோமீட்டர். சாலையெல்லாம் சாம்பல் நிறக் கூழ். வாசலில் கழற்றி வைத்திருக்கிற பழைய சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் எப்போதும் காரை நிறுத்துவார். அன்றைக்கும் நிறுத்தினார். ஆளுயரச் சக்கரம், பிளேடுகளின் மேல் பனி. இறங்கி எண்ணிப் பார்த்தார். பதிமூன்று. இத்தனை நாள் பக்கத்திலேயே காரை நிறுத்திவிட்டு ஒரு நாளும் எண்ணியதில்லை.

தண்ணீரை அடைத்து, குழாயை வடித்து முடிக்க மதியம் ஆயிற்று. பிறகு துரீட் சுத்தியலோடு குழிக்குள் இறங்கினாள். வேறு யாரும் இறங்க முன்வரவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தார்கள். எந்திரம் ஓடாத குழியில் எறும்பு நடந்தால்கூடக் கேட்கும் அமைதி.

முதல் போல்ட்டைத் தட்டினாள். கணீர் என்றது. இரண்டாவது, கணீர். மூன்றாவது, கணீர். நான்காவது 'டொக்' என்றது, காலிப் பெட்டியைத் தட்டின மாதிரி. அவள் மேலே பார்க்காமல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். ஐந்தாவது, டொக். ஆறாவது, டொக். ஹல்வோர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் இன்னும் நன்றாகக் கேட்டது.

நாற்பத்தெட்டில் பத்தொன்பது டொக். காலையில் அவள் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த பதினோராவது நெம்புகோலுக்கு நேர் கீழே வரிசையாக ஏழு. அதில் ஒன்றின் தலையைத் துரீட் இரண்டு கையாலும் பிடித்து, சும்மா அசைத்தாள். பாதி போல்ட் தனியாக வந்துவிட்டது. உடைந்த முகம் முழுக்கத் துருவேறியிருந்தது, ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் புதுசாக மின்னியது. அந்த மின்னுகிற பகுதி கடைசியாக, சமீபத்தில் உடைந்தது.

"இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் மாப்ளே?" மாக்னார் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தெரியாது மச்சான்."

"நாளா, மணியா? அதையாவது சொல்லு."

"தெரியாது."

மாக்னார் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு ஓரமாகப் போய்த் தனியாக நின்றார். வாஃபிள் தின்றுகொண்டு சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு வீடு வந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தரையெல்லாம் கவிழ்ந்த நாற்காலி, ஈரம், உருகி ஒழுகின மீன். துரீட் நாற்காலியைத் தூக்கி நிறுத்தி அதில் உட்கார்ந்தாள். கிரீஸ் அப்பின கையைக் கழுவவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிரித்து, ஒரு துண்டைக் கடித்தாள். இடது பக்கமாக மென்றாள்.

"பல்லு?" என்றார் ஹல்வோர்.

"ஒன்பதரைக்கு நின்னுபோச்சு. மிஷின் நின்னதும் நின்னுபோச்சு." மென்றாள். "நான் காலைல பதினஞ்சு பிளேடுன்னு சொன்னதுல உனக்குத் தெரிஞ்சுதுன்னு அண்ணன் சொன்னான்."

"ஆமா."

"அப்ப மணி ஆறரை, ஆறேமுக்கால். போன் வந்தது ஒன்பது பத்து." அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். "எப்பத் தெரிஞ்சுது ஹல்வோர்?"

ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. அது பொய் என்று சொல்ல வேறு யாரும் இல்லை.

"ஏழரைக்குச் சந்தேகம். எட்டு அஞ்சுக்கு உறுதியாயிருச்சு."

"அப்புறம்?"

"மெயில் எழுதினேன்."

"யாருக்கு?"

"மாக்னாருக்கு."

"அவன் மெயில் பாக்கவே மதியம் ஆகுமே. வந்ததா?"

"அனுப்பல. எழுதிக்கிட்டே இருந்தேன்."

"காட்டு."

கணினி இன்னும் திறந்தே இருந்தது. ஹல்வோர் அதை அவள் பக்கம் திருப்பினார். துரீட் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகப் படித்தாள்.

"'அன்புள்ள மாக்னார், அக்டோபரில் அளித்த அறிக்கையின் சில தரவுகளை மறுபார்வை செய்வது பொருத்தமாக இருக்கலாம் எனத் தோன்றுகிறது. வசதிப்படும்போது இது குறித்துப் பேசுவோம்.'" நிறுத்தினாள். கீழே உருட்டிப் பார்த்தாள். வரைபடத்தைப் பார்த்தாள். திரும்ப மேலே போனாள்.

"வசதிப்படும்போது," என்றாள்.

ஹல்வோர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு மணி நேரம் எழுதியிருக்கே. நல்லாத்தான் எழுதியிருக்கே, படமெல்லாம் போட்டு." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். "இதுல நான் எங்கே இருக்கேன் ஹல்வோர்?"

ஜன்னலில் சொத்துச் சொத்தென்று விழுந்துகொண்டிருந்தது.

"எங்கேயும் இல்ல," என்றார்.

"ம்." துரீட் கணினியை அவர் பக்கம் தள்ளினாள். விசைகளின் மேல் அவள் கிரீஸ் விரல் பட்டுக் கறுப்பாக ஒரு தடம் விழுந்தது. "அழிச்சுட்டு எழுது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. வாஃபிள் போடுவாங்க. எந்த இடத்துல நின்னு பல் டாக்டரைப் பாருன்னு சொன்னியோ, அதே இடத்துல நின்னு எல்லார் முன்னாலயும் படிக்கணும்."

"என்ன எழுதணும்?"

"என்னைக் கேக்கிறியா?"

ஹல்வோர் எல்லாவற்றையும் அழித்தார். துரீட் நான்கு துண்டு ரொட்டியையும் தின்று முடித்தாள். காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "நாளைலேர்ந்து சாப்பாட்டை நானே கட்டிக்கிறேன்," என்றாள், யாரிடமோ சொல்வது போல.

அவர் எழுதினார்.

'துரீட் ஒன்பது மணிக்குக் குழியில் இறங்குவாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு விஷயம் உறுதியானது எட்டு ஐந்துக்கு.'

துரீட் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலிருந்து படித்தாள். ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை. பிறகு போய் மீனைக் கழுவ ஆரம்பித்தாள்.